ஓரத்துப் பென்சில் கோடுகள்

என் மையத்துக்கு ஏறி வரும் படிகள் இருபத்திரண்டு. சுடர்விழி எண்ணினால் மட்டும் இருபத்து மூன்று வரும். கீழே தரையிலிருந்தே எண்ணத் தொடங்குவாள். "அதுலயுந்தானே மிஸ் காலை வைக்கிறோம்" என்பாள். பத்தொன்பது வருடமாக நான் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன். தரையையும் எண்ண வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஹபீபுன்னிசா மேடம், உங்கள் விசாரணைக் கடிதம் கிடைத்தது. ஒன்பது கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் எட்டுக்கும் என் வக்கீல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், ஒரு பதிலுக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறார். ஒன்பதாவதை மட்டும் நீங்கள் போகிற போக்கில் கேட்டது போல அடியில் வைத்திருக்கிறீர்கள். சுடர்விழியின் விடைத்தாள்களில் ஓரத்தில் பென்சிலால் போட்டிருக்கும் சிறு கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு என்று எண்ணியும் போட்டிருக்கிறீர்கள். அத்தனை தாளையும் புரட்டி உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உங்கள்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. ஆகவே இதற்கு நானே பதில் எழுதுகிறேன். வக்கீலுக்குத் தெரியாது. தெரிந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது என் மனத்திறன் சோதனை மையம். எழுத்துக் கூட்ட வராத பிள்ளைகள் வருவார்கள். பப்ளிக் பரீட்சைக்கு ஆள் வைத்து எழுத அனுமதி கேட்கிறவர்கள் வருவார்கள். பையனை எதில் சேர்க்கலாம் என்று கேட்டுத் தகப்பனார்கள் வருவார்கள். பையன் வாயைத் திறக்க விடமாட்டார்கள். இப்போதெல்லாம் ஜாதகத்தோடு மனப்பொருத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மேஜை, ஒரே நாற்காலி, ஒரே ஸ்டாப் வாட்ச்.

நம் தொழிலின் முதல் பாடம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தக் காகிதத்தைத் தொழில் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பாடம் முகம். புத்தகத்தில் உள்ளபடி கேள்வியைக் கேட்க வேண்டும். பிள்ளை சொல்கிற பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ள வேண்டும். சரியாகச் சொன்னால் சபாஷ் கூடாது, தப்பாகச் சொன்னால் ஐயோ கூடாது. புருவம்கூட அசையக் கூடாது. ஏனென்றால் பிள்ளைகள் கேள்வியைப் பார்க்க மாட்டார்கள், கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் அங்கே எழுதியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அது தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நமக்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

அதில் நான் கெட்டிக்காரி. அரசமரத்தடிப் பிள்ளையார் சிரித்தாலும் சிரிப்பார், பூர்ணிமா சிரிக்க மாட்டாள் என்று கல்லூரியிலேயே சொல்வார்கள். பழகப் பழக முகம் அப்படியே படிந்துவிட்டது. சித்தப்பா மகள் கல்யாண ஆல்பத்தில் நான் நிற்கும் படமெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போலிருக்கும். அப்பா போன அன்று கூடத்தில் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்க, நான் அழுதுகொண்டுதான் இருந்தேன், ஆனால் அது வெளியே வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அத்தைகள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நானே கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அறைக்கு வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதும் இல்லை, போவதும் இல்லை. இப்படிப் பதினாறு வருடம்.

இந்த நிலைமையில்தான் அவள் வந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், தை மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக இருந்த வாரம். அப்பா செழியன், அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மிஷினை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார்; சட்டைக் காலரில் பதர் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் மிஷின்காரர் ஒருத்தர் இறங்கி வருகிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை, ஊரே ஏசியிருக்கும். கூட அவர் மனைவி அம்சம். இரண்டு பேரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஏழு வயதுப் பிள்ளை, நாற்காலி முழுவதையும் எடுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எங்க தாத்தா, எங்கப்பா ரெண்டு பேரும் அடுத்தவங்க வயல்ல குனிஞ்சே நின்னவங்க. நான் மிஷின்ல ஏறி உக்காந்துட்டேன். இது ஆபீசுல போயி உக்காரணும். அவ்ளோதாங்க டாக்டரம்மா" என்றார்.

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவையும் அவர் டாக்டரம்மா என்றதும் விட்டுவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம் அவள் எழுத்துப் பழகியிருக்க வேண்டிய காலம். இரண்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துகள் திரும்பித் திரும்பி விழுந்தன. ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று டீச்சர் அனுப்பியிருந்தார்.

பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சோதனையைத் தொடங்கினேன். பன்னிரண்டாவது கேள்வி, மழை பெய்தால் நாம் ஏன் குடை பிடிக்கிறோம். அவள் யோசித்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு ரகசியம் சொல்வது போல மேஜை மேல் சாய்ந்து, "குடை நனையணும்ல மிஸ். இல்லாட்டி எல்லாரும் அதைக் குச்சின்னுல்ல சொல்லுவாங்க" என்றாள்.

எனக்கு முதலில் மூக்கு நுனி துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை மேடம். ஸ்டாப் வாட்ச் கீழே விழுந்து ஓடிக்கொண்டிருந்தது, நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். வயிறு வலித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பாவுக்கு வராத தண்ணீரெல்லாம் அன்றைக்கு வந்தது. பிள்ளை முதலில் மிரண்டது. பிறகு என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, மலர்ந்துபோய்ச் சொன்னது: "மிஸ், நீங்க சிரிச்சா பல்லு தெரியுது."

முதல் கோடு அன்றைக்குப் போட்டது. தாளைக் கீழே வைக்குமுன் அந்தப் பதிலுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. ஆக, உங்கள் ஒன்பதாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவை என் சிரிப்புகள். ஒரு சிரிப்புக்கு ஒரு கோடு. தொழிலில் நான் எதையும் கணக்கில்லாமல் விடுவதில்லை.

அறிக்கையில் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., எண்பத்தொன்று என்று எழுதினேன். சராசரிக்குக் கொஞ்சம் கீழே, வாரம் ஒருமுறை பயிற்சி தேவை, அடுத்த சோதனை ஒரு வருடம் கழித்து. சனிக்கிழமை பத்தரை மணி அவளுக்கு. கட்டணம் வேண்டாம் என்றேன். அம்சம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது. வெள்ளிக்கிழமை சாயந்திரமே எனக்குக் காலில் சக்கரம் கட்டியது போல ஆகிவிடும். நாற்காலி உறையை மாற்றுவேன், மேஜையைத் துடைப்பேன், துடைத்த மேஜையை மறுபடியும் துடைப்பேன். நாற்பத்தைந்து வயதில் காதோரத்தில் பூ வைத்துக்கொள்ளப் பழகினேன். காலையில் மருந்துக்கடைக்காரர், "என்னங்க மேடம், வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்தரைக்குக் கீழே ஆட்டோ நிற்கும். அவள் எண்ணிக்கொண்டே ஏறுவாள். இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்து மூணு. மூணு சொல்லும்போது கதவு திறக்கும்.

ஒரு வருடத்துக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். "மேட்டூர்ல தண்ணி உட்டா ஏழு. உடலைன்னா பதினெட்டு" என்றாள். தண்ணி வராத வருசம் போகவே மாட்டேங்குது என்று அவள் அப்பா சொல்வாராம்.

சூரியன் எங்கே மறைகிறது என்று கேட்டேன். "நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட. கேட்டு மூடிக் கெடந்தா கொஞ்சம் லேட்டாவும்."

குருவிக்கு எத்தனை கால்? "உக்காந்தா ரெண்டு. பறந்தா யாரு பாத்தா?"

ஆடும் மாடும் எந்த வகையில் ஒன்று? "ரெண்டும் இளையபெருமாள் மாமா வயல்லதான் மேயும்."

நீங்களே சொல்லுங்கள். சிரிக்காமல் இருக்க முடியுமா? இதெல்லாம் முட்டாள் பிள்ளை சொல்கிற பதிலா என்று உங்கள் கடிதத்தின் நான்காவது கேள்வியில் கொஞ்சம் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லைதான். ஆனால் விடைக் குறிப்பில் இருப்பது பன்னிரண்டு மாதம், மேற்கு, இரண்டு கால், விலங்குகள். மேட்டூருக்கு அதில் இடமில்லை. குறிப்பில் இல்லாததற்கு நான் மதிப்பெண் போட்டால் நாளைக்கு நீங்களே என்னைக் கேட்பீர்கள். பூஜ்யம்தான் போட்டேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஒன்றை மட்டும் நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். சரியான பதிலுக்கு நான் ஒருபோதும் முகத்தை அசைத்ததில்லை. பன்னிரண்டு மாதம் என்று அவள் சொன்ன நாட்களும் உண்டு. அப்போது நான் பழைய பூர்ணிமாவாகத்தான் இருந்தேன், விதிப்படி, கல்லாக. தப்பான பதிலுக்குச் சிரித்தது விதிமீறல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி விதியை முழுசாகக் காப்பாற்றியிருக்கிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளை. எதைச் சொன்னால் எனக்குப் பல் தெரிகிறது, எதைச் சொன்னால் தெரிவதில்லை என்று ஐந்தாறு வாரத்திலேயே பிடித்துவிட்டாள். அறிவைச் சோதிக்க இதைவிட நல்ல சோதனை நம் புத்தகங்களில் கிடையாது. அதன் பிறகு பதில் தெரிந்தாலும் ஒரு கணம் நிறுத்துவாள். கண் ஓரத்தில் ஒரு மின்னல் வரும். உள்ளே தேடி, சரியானதைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்கென்று ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். எனக்கு அப்படி யாரும் எதையும் தேடி எடுத்துக் கொடுத்ததில்லை.

அம்சம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முருங்கைக்காய், அரைக்கீரை, எள்ளுருண்டை என்று ஏதாவது பையில் இருக்கும். "உள்ள நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டா எனக்கு வயிறு குளுந்துபோவுதுங்க. பள்ளியோடத்துல எல்லாம் எம்புள்ளய மக்குங்கிறாங்க. இவ்ளோ அன்பா யாரும் பாத்ததில்ல" என்பாள். சத்தியமான வார்த்தை. யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் வருடச் சோதனையில் எழுபத்திரண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அந்த வாரம் செழியன் தனியாக வந்தார். அறிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுக்கு வெளில நல்லாத்தாங்க பேசுது. போன வாரம் வயல்ல மிஷினு ஒரு மாதிரி கத்துச்சு. நான் தூசிக்குத் துண்டால மூஞ்சியக் கட்டிக்கிட்டு ஓட்டிட்டிருக்கேன், இது பக்கத்துல உக்காந்திருக்கு. 'என்னா சத்தம் பாப்பா'ன்னேன். 'பெல்ட்டு வழுக்குதுப்பா, அறுந்துடும், நிறுத்து'ங்குது. நிறுத்திப் பாத்தா அறுந்துபோற நெலமைல கெடக்கு. அந்தப் புள்ளைக்கு எப்புடிங்க எழுபத்திரண்டு?"

"வயக்காட்டுப் புத்தி வேற, படிப்புப் புத்தி வேற, செழியன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுன்னா நம்ம ஊர்ல எல்லாரும் கலெக்டர் ஆயிருக்கணுமே."

அவர் அறிக்கையைப் பார்த்தார். பெயர், தேதி, எண், கீழே என் கையெழுத்தும் வட்ட முத்திரையும். அச்சடித்த தாள்மேல் அவருக்கு ஒரு பக்தி. தப்பில்லை. மூன்று தலைமுறை பட்டாவும் இல்லாமல் அடங்கல் கணக்கில் பேரும் இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் நின்ற குடும்பம். இவர் காலத்தில்தான் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் வாங்கித் தன் பேரில் பட்டா மாற்றினார். காலுக்குக் கீழே இருப்பது நிலமில்லை, தாளில் இருப்பதுதான் நிலம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். முத்திரை குத்திய தாள் ஒன்று சொல்ல, எதிரே நிற்கிற பிள்ளை வேறொன்று சொன்னால், அவர் தாளைத்தான் நம்புவார். இதை நான் அன்று நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

"சரிங்க. நீங்க சொன்னா சரி" என்று தாளை மடித்துப் பட்டா வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "இனிமே அதை யாரும் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வீட்ல சொல்லிடுறேங்க. பாவம், பதில் சொல்லத் திணறுது போல."

அவர் இறங்கிப் போன பிறகு நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். சுழல்கிற நாற்காலிதான், ஆனால் அதுவரை சுற்றியதில்லை. இனி அவளிடம் கேள்வி கேட்கிறவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது சோதனை சென்ற வருடம் தை மாதம். அதைப் பற்றி உங்கள் ஆறாவது கேள்வி. அன்றைக்கு அவள் படி எண்ணவில்லை. ஒன்பது வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் விபூதி வைத்து வந்திருந்தாள். இந்தத் தடவை நல்ல எண் வந்தால் தனி பெஞ்சிலிருந்து பழையபடி வகுப்போடு உட்கார வைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தாராம். ஆஸிம் என்று ஒரு பையன். இரண்டு பேரும் வாய்ப்பாட்டில் போட்டி போடுவார்களாம். இவள் இல்லாததால் அவன் சும்மாவே முதலாவது வருகிறானாம்.

உட்கார்ந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், இன்னைக்கு மட்டும் சரியாச் சொல்லட்டா?"

விதிப்புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைத்தான் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லும்மா."

முதல் கேள்வி சரி. என் முகம் அசையவில்லை. இரண்டாவது சரி. மூன்றாவது சரி. ஒவ்வொன்றுக்கும் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். விதி. ஆறாவதில் குரல் கொஞ்சம் இறங்கியது. எட்டாவதில் கையை மடியிலிருந்து எடுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது சரி, பத்து சரி. பதினொன்றைச் சொல்லும்போது உதடு மட்டும் அசைந்தது. இரண்டு வருடமாக அவளோடு சேர்ந்து சிரித்த ஒருத்தி எங்கேயோ போய்விட்டாள், எதிரே யாரோ ஒரு பொம்பளை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பொறுமையாக இருந்தேன்.

பன்னிரண்டாவது கேள்வி. அதே புத்தகம், அதே கேள்வி. மழை பெய்தால் நாம் ஏன் குடை பிடிக்கிறோம்.

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்: "குடை நனையணும்ல மிஸ்."

நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பும் சிரித்ததில்லை, பின்பும் இல்லை. என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் மேடம். அவளும் சிரித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரொம்பச் சிரித்தால் வருவதுதான், எனக்கும் வரும். அடுத்த இரண்டுக்கும் அவள் விட்ட கதையில் நான் மூச்சுவிட மறந்தேன். தொடர்ந்து மூன்று தவறு வந்தால் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினேன். சரியாகச் சொன்ன பதினொன்றில் கடைசி ஐந்தைச் சேர்க்கவில்லை. குரல் தெளிவாக இல்லை.

அறுபத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போனால் அரசாங்கத்தில் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. அட்டை கொடுக்கும் முகாமில் என் அறிக்கையைப் பார்த்தே அவளுக்கும் அறிவுத்திறன் குறைவு என்று கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் என் கையெழுத்து சம்பாதித்த மரியாதை அது. பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வேன் வைத்துச் சிறப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மணி கோர்க்கச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு ஒரு மாலை கோர்த்துக் கொண்டுவந்தாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று வரிசை பிசகாமல் வந்து, கடைசியில் வேண்டுமென்றே ஒரு மஞ்சள். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

அட்டையைப் புதுப்பிக்க இந்தத் தையில் அவள் முகாமுக்கு வந்தபோதுதான், அங்கே சோதனை எடுக்கிறவராக நீங்கள் குறுக்கே வந்தீர்கள். உங்களுக்கு ஜலதோஷம் இருந்ததாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு அவளைச் சோதித்தீர்கள். அந்த ஒரு ஜலதோஷம் இல்லையென்றால் நீங்களும் நானும் அறிமுகமே ஆகியிருக்க மாட்டோம். முகமே தெரியாத ஒருத்தர் கேள்வி கேட்கிறார், பாவம், பிள்ளை யாருக்காகத் தப்பாகச் சொல்லும்? இருபத்தாறு கேள்வி, இருபத்தாறும் சரி. பிறகு டீ வந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு குடித்தபடி இருபத்தேழாவது கேள்வியைக் கேட்டீர்கள். அதிலிருந்து ஒன்றுகூடச் சரியில்லை. உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்: "ஒவ்வொரு தவறான பதிலுக்குப் பிறகும் சிறுமி என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்." அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு வாழ்க்கையில் வந்த ஒரே காதல் கடிதம் அதுதான். அதையும் நீங்கள் எழுத வேண்டியிருந்திருக்கிறது.

பிறகு நீங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து முழுச் சோதனையும் எடுத்தீர்கள். நூற்று இருபத்தொன்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஏனென்றால் முதல் நாள், பதர் ஒட்டிய சட்டையோடு அவள் அப்பா வெளியே காத்திருந்த அந்த நாள், நான் கூட்டிப் பார்த்தபோது வந்தது நூற்றுப் பதினெட்டு. ஆமாம். குடைக்குப் பூஜ்யம் போட்டும் நூற்றுப் பதினெட்டு. எழுத்து மட்டும் ஆறு மாதம் பழக்கினால் போதும் என்று எனக்கு அன்றே தெரியும். இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்தேன். நூற்றுப் பதினெட்டு எடுத்த பிள்ளைக்கு என்னிடம் திரும்பி வர ஒரு காரணமும் கிடையாது. வாழ்த்துச் சொல்லி, கையைக் குலுக்கி, இருபத்திரண்டு படியும் இறக்கி அனுப்பிவிட வேண்டியதுதான். ஆகவே எண்பத்தொன்று என்று எழுதினேன். அவளுடைய இலக்கங்களைத்தான் எழுதினேன். இடம் மாற்றி, ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு. மற்ற இரண்டு அறிக்கைகளும் அப்படித்தான், தெரிந்தேதான் செய்தேன். வக்கீல் கைப்பிழை என்று எழுதுவார். நம்பாதீர்கள். என் கையில் பிழை வராது.

இருந்தாலும் நூற்றுப் பதினெட்டு நூற்று இருபத்தொன்று ஆகியிருக்கிறது. மூன்று கூடியிருக்கிறது. அதில் என் சனிக்கிழமைகளுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தோடு அம்சம் கொடுத்த வாக்குமூலத்தையும் இணைத்திருக்கிறீர்கள். அதில் அவள் சொல்கிறாள்: "சாப்டியான்னு கேட்டா, சாப்ட்டுட்டு இல்லைங்குது. பேரு என்னான்னா அம்சம்ங்குது. எங்க வலிக்குதுன்னா, வலிக்காத கைய நீட்டுது. நீட்டிட்டு எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது. அவுங்க அப்பா அறுப்புக்குக் கட்டுற துண்ட மூஞ்சில கட்டிக்கிட்டு உக்காந்தாத்தான் புள்ள சரியா பேசுது. அதனால வீட்டுக்குள்ள வந்தாலும் அவரு அதை அவுக்கிறதே இல்ல. நான் என்னங்க பண்ணணும்? எதுக்கு நிக்குது? அதுக்கு என்னதாங்க வேணும்?"

அந்தக் கடைசிக் கேள்வி உங்கள் ஒன்பதில் இல்லை. ஆனால் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். யாராவது சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் இப்போது யாருக்கும் சிரிப்பு வராது போலிருக்கிறது. எனக்கு இதை எழுதும்போதே வருகிறது, வலிக்காத கையை நீட்டுகிறாளாம். மையத்தைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஒரு மணி நேரத்துக்குத் திறந்துவிட்டால் போதும். சனிக்கிழமை பத்தரைக்கு நான் சும்மாதான் இருக்கிறேன். தரையிலிருந்தே எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.